ஸ்க்ரீன் மாறிடுச்சா? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடு

தங்கச்சி, 2025 ஆகஸ்ட் கடைசியில் பி ஷிப்ட் முடிந்து வந்த ஒரு ராத்திரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கம்பெனி பஸ் ஒரகடம் கூட்ரோடு தாண்டி வந்துகொண்டிருந்தது. என் பக்கத்து சீட்டில் இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் இருக்கும். செய்யாறு பக்கம் ஊர். போனைக் காதில் வைப்பாள், எடுப்பாள், மறுபடியும் வைப்பாள். ஆறு தடவை ரிங் போய் நின்றது. ஏழாவது தடவை அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அம்மா தினமும் இந்நேரத்துக்கு முழிச்சிருந்து எடுக்கும்க்கா. இன்னிக்கு எடுக்கவே இல்ல" என்றாள்.

எதிர்வீட்டு நம்பருக்குப் போட்டுக் கேட்டோம். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன் அவர் கையில்தான் இருக்கிறது. ரிங் அடிக்கிறது, மகள் பெயர் தெரிகிறது. எப்போதும் போல விரலை வைத்து மேலே தள்ளுகிறார், கால் எடுபடவில்லை. "போன் கெட்டுப்போச்சு, நாளைக்கு ஆரணிக்கு எடுத்துக்கினு போய் ரிப்பேருக்குக் குடுக்கணும்" என்று திண்ணையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தாராம்.

போன் கெடவில்லை. அந்த மாதம் கூகுள் தன்னுடைய போன் ஆப்பின் தோற்றத்தை மாற்றியிருந்தது. அந்த ஆப் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களில் யாரையும் கேட்காமல், ராத்திரியோடு ராத்திரியாக டயல் பக்கமே வேறு மாதிரி வந்து நின்றது. அதுவரை மேலே தள்ளி எடுத்த காலை இனி பக்கவாட்டில் தள்ள வேண்டும். தனித்தனியாக இருந்த ஃபேவரிட்ஸும் ரீசன்ட்ஸும் ஹோம் என்ற ஒரே பக்கத்தில் சேர்ந்துவிட்டன. கான்டாக்ட்ஸ் கீழே இருந்த இடத்தை விட்டுப்போய் மூன்று கோட்டு மெனுவுக்குள் உட்கார்ந்துகொண்டது. படித்தவர்களே அந்த வாரம் தடுமாறினார்கள். செய்யாறு அம்மா தடுமாறியதில் அவர் பிழை ஒன்றுமே இல்லை.

மறுநாள் எதிர்வீட்டுப் பையனை வைத்து நாங்கள் செய்தது இதுதான். இப்போதும் உன் வீட்டில் யாருக்காவது தேவைப்படும், குறித்துக்கொள். போன் ஆப்பைத் திற. மேலே தேடும் பட்டையில் இருக்கும் மூன்று கோட்டைத் தொட்டால் செட்டிங்ஸ் வரும். அதற்குள் வரும் காலை எப்படி எடுப்பது என்று ஒரு வரி இருக்கும், ஆங்கிலத்தில் 'இன்கமிங் கால் ஜெஸ்ச்சர்' என்று போட்டிருப்பார்கள். அதில் இரண்டு வழி. ஒன்று பக்கவாட்டில் தள்ளுவது, இன்னொன்று ஒரே தொடுதலில் எடுப்பது. வயதானவர்களுக்கு, விரல் காய்ந்து காப்புக் காய்ச்சிய கைகளுக்கு, ஒரே தொடுதல்தான் நல்லது. பழையபடியே வேண்டும் என்று அடம் பிடித்தால், ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோவுக்குப் போய், மூன்று புள்ளியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுத்தால் பழைய முகம் வரும். ஆனால் அது கொஞ்ச நாளைக்குத்தான். பேங்க் ஆப், யு.பி.ஐ. ஆப்புக்கு அந்த வேலையைச் செய்யவே கூடாது. அவற்றில் புதிய பதிப்பில்தான் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்திருப்பார்கள்.

நான் இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆபரேட்டராகச் சேர்ந்து, லைன் லீடராகி, இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ட்ரெய்னிங் கொடுக்கிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஸ்க்ரீன் மாறியது. ஒவ்வொரு தடவையும் ஹாஸ்டலில் ஒரு ரூமுக்கு ஒருத்தி "போன் தெரிஞ்ச பொண்ணு" ஆகிவிடுவாள். எல்லோரும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். இந்தத் தடவை அது நீ. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

கை பழகியது கண்ணுக்குத் தெரியாது

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். ஸ்க்ரீன் மாறும்போது நம்மிடமிருந்து போவது கையின் பழக்கம். இந்த ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2006ல் நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பரில் நின்றது. அந்தக் காலத்தில் பட்டன் போன் வைத்திருந்த அக்காக்கள், ஓடுகிற பஸ்ஸில் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பார்க்காமலே கட்டைவிரலால் மெசேஜ் அடிப்பார்கள். ஏழாம் நம்பர் பட்டன் எங்கே, எத்தனை தடவை அழுத்தினால் எந்த எழுத்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விரலுக்குத் தெரியும். டச் போன் வந்தபோது அதே அக்காக்கள் "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று போனைத் தள்ளி வைத்தார்கள். வராமல் போகவில்லை, ஆறு மாதத்தில் பழகிக்கொண்டார்கள். அந்த ஆறு மாதத்தை ஆறு நாளாகக் குறைப்பதுதான் நம் வேலை.

எங்கள் லைனில் நடந்ததைச் சொல்கிறேன். வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற இடம். பெயர் வேண்டாம். கடைசி ஸ்டேஷனில் பீஸைப் பார்த்து, ஸ்க்ரீனில் நல்லதுக்கு ஓகே, பழுதுக்கு என்.ஜி. அழுத்த வேண்டும். பன்னிரண்டு விநாடிக்கு ஒரு பீஸ். பழைய ஸ்க்ரீனில் வலது பக்கம் ஓகே, இடது பக்கம் என்.ஜி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாஃப்ட்வேரை மாற்றினார்கள். திங்கட்கிழமை ஏ ஷிப்ட்டில் ஓகே இடது பக்கம் போயிருந்தது. டீ பிரேக் வருவதற்குள் என்.ஜி. பீஸ் போடும் சிவப்புத் தொட்டி நிறைய நல்ல பீஸ் கிடந்தது. எங்கள் லைனிலேயே கூர்மையான கண் உள்ள பெண், ஒரு கீறல்கூட அவளைத் தாண்டிப் போகாது, அவள் ஸ்டேஷன்தான். "கண்ணு எங்கம்மா இருக்கு?" என்று சூப்பர்வைசர் கத்தினார். கண் பீஸில் சரியாகத்தான் இருந்தது. பீஸ் நல்லது என்று கண் முடிவு செய்த அடுத்த நொடியில் கை தானாக வலது பக்கம் போய்விட்டது. மூன்று வருஷம் வலது பக்கம் போன கை அது.

மதியம் அவள் சாப்பிடவில்லை. கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு, "எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சுக்கா" என்றாள். அந்த வார்த்தை இன்னும் என் மனதில் கிடக்கிறது. ஒரு பட்டனை யாரோ எங்கோ உட்கார்ந்து இடம் மாற்ற, வேலை தெரிந்த ஒருத்தி தன் வேலையையே சந்தேகப்படுகிறாள். அதனால் நீ யாருக்கு உதவப் போனாலும் முதல் வார்த்தை இதுவாக இருக்கட்டும்: "உனக்கு வேலை தெரியும். இடம்தான் மாறியிருக்கு."

ஷாப் ஃப்ளோரில் போன் எடுத்துப் போக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் அங்கே நடக்காது. நான் அன்றைக்கு சாயங்காலம் நோட்டில் இரண்டு கட்டம் வரைந்தேன். மேலே பழைய ஸ்க்ரீன், கீழே புது ஸ்க்ரீன். ஓகே இருந்த இடத்திலிருந்து இப்போது இருக்கும் இடத்துக்கு ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். அனுமதி வாங்கி, ஸ்க்ரீனுக்கு மேலே கண் மட்டத்தில் அந்தத் தாளை மாட்டினோம். ஸ்க்ரீன் மேல் டேப் ஒட்டாதே, குவாலிட்டிக்காரர்கள் பிய்த்துப் போடுவார்கள். அதோடு, மறுநாள் லைன் ஓடுவதற்கு முன் இருபது நிமிஷம் கேட்டு வாங்கி, ஸ்க்ராப் பீஸை வைத்து அவளை அழுத்திப் பழக வைத்தேன். தப்பாக அழுத்தினாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்று தெரிந்ததும் அவள் கை இளகிவிட்டது. மூன்றாம் நாள் தாளை அவளே கழற்றிக் கொடுத்தாள்.

அடுத்த தடவை மாற்றம் வரும்போது, நீ லைன் லீடராக இருந்தால், ஐ.டி. ஆட்களிடம் முன்கூட்டியே கேட்டு வை. எந்தத் தேதி, எந்த ஷிப்ட்டில் மாறுகிறது? எந்த பட்டன் இடம் மாறுகிறது? தப்பாக அழுத்தினால் திரும்ப எடுக்க வழி உண்டா? முதல் நாள் டார்கெட்டைக் கொஞ்சம் குறைக்க முடியுமா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதே. வாயால் கேட்டால் மறந்துபோவார்கள், எழுதிக் கொடு.

நாலணா

எங்கள் ஆயா கடைசி வரை இருபத்தைந்து பைசாவை நாலணா என்றுதான் சொன்னார். ஐம்பது பைசா எட்டணா. சின்ன வயதில் எனக்கு அது ஏதோ செல்லப் பெயர் என்று நினைப்பு. பிறகுதான் தெரிந்தது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கை 1957 ஏப்ரல் 1ஆம் தேதி மாற்றி, ரூபாய்க்கு நூறு பைசா என்று கொண்டுவந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள், தினமும் உப்பு புளி வாங்குகிறவர்கள், ஒரே நாளில் வேறு கணக்குக்கு வர வேண்டும். அரசாங்கம் புதுக் காசுக்கு 'நயா பைசா' என்று பெயர் வைத்து, பழைய பைசாவோடு குழம்பாமல் ஏழு வருஷம் அப்படியே விட்டது. 1964ல்தான் 'நயா'வை எடுத்தார்கள். ஜனங்கள் தங்கள் பங்குக்கு இன்னொன்று செய்தார்கள். புதுக் காசின் மேல் பழைய பெயரை ஏற்றிவிட்டார்கள். 2011ல் அந்த இருபத்தைந்து பைசாவே செல்லாமல் போகும் வரை அது நாலணாதான்.

எழுத்திலும் இப்படித்தான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு வைத்த பழைய 'லை'க்குப் பதிலாக இப்போது நாம் எழுதும் 'லை' வந்தது. எங்கள் அப்பா பால் கணக்கு நோட்டில் 'விலை' என்று எழுதும்போது கடைசி வரை தும்பிக்கை போட்டுத்தான் எழுதினார். ஒருவரும் தப்பாகப் படித்ததில்லை. பால் சொஸைட்டியில் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தவர்கள் யாரும் அவரைத் திருத்தவும் இல்லை.

நான் சொல்ல வருவது இந்த நாலணா வழியைத்தான். புது இடத்துக்குப் பழைய பெயரை வைத்துச் சொல்லிக் கொடு. ஹோம் என்று சொன்னால் அம்மாவுக்கு ஒன்றும் புரியாது. "முன்னாடி கடிகாரம் போட்டிருக்குமே, யார் யார் பேசினாங்கன்னு பார்ப்பியே, அது இப்போ இந்த வீடு படத்துக்குள்ள இருக்கு" என்று சொன்னால் பிடித்துக்கொள்வார். அவர் அதைக் 'கடிகாரம்' என்றே சொல்லட்டும், திருத்தாதே.

அப்புறம், என்ன மாறியது என்பதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள். இடம் மாறியதா, பெயர் மாறியதா, இல்லை அந்த வசதியையே எடுத்துவிட்டார்களா? மூன்றுக்கும் வேறு வேறு பதில். கூகுளின் தேஸ் ஆப் 2018ல் கூகுள் பே ஆனது பெயர் மாற்றம், உள்ளே அதே வேலைதான். பி.எஃப். பேலன்ஸ் பார்க்கத் தனியாக ஒரு பாஸ்புக் தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தோமே, 2025 செப்டம்பரில் உறுப்பினர் தளத்துக்குள்ளேயே 'பாஸ்புக் லைட்' என்று சுருக்கக் கணக்கு வந்தது. அது இட மாற்றம். 2025 அக்டோபர் 1 முதல் யு.பி.ஐ.யில் ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை நிறுத்திவிட்டார்கள். மோசடி நடக்கிறது என்பதால் எடுத்தது. அந்த பட்டனைத் தேடி ஒருத்தி அரை மணி நேரம் குடைந்துகொண்டிருந்தாள். இல்லாததைத் தேடுகிறவளிடம் "இனி அது கிடையாது, உன் க்யூ.ஆர். படத்தை அண்ணனுக்கு அனுப்பு" என்று ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும்.

போனைப் பிடுங்காதே

இதுதான் நாம் எல்லோரும் செய்கிற தப்பு. "குடு இங்க" என்று வாங்கி, படபடவென்று நாலு இடத்தில் தொட்டு, "இந்தா, ஆயிடுச்சு" என்று திருப்பிக் கொடுக்கிறோம். வேலை முடிந்தது, ஆனால் அவர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. நாளைக்கு மறுபடியும் உன்னிடம் வந்து நிற்பார், இந்தத் தடவை கொஞ்சம் கூனிக் குறுகி நிற்பார்.

போன் அவர் கையில் இருக்கட்டும். நீ பக்கத்தில் உட்கார். எதிரே உட்காராதே, ஸ்க்ரீன் தலைகீழாகத் தெரிந்து நீயே வலது இடது மாற்றிச் சொல்வாய். "எங்க போகணும்?" என்று கேட்காதே, "என்ன செய்யணும்?" என்று கேள். அவர் "மாமாவுக்கு ஐந்நூறு அனுப்பணும்" என்பார். அந்த ஒரு வேலையை மட்டும் சொல்லிக் கொடு. புது ஸ்க்ரீனில் என்னென்ன வசதி வந்திருக்கிறது என்று சுற்றிக் காட்ட இது நேரமில்லை. முதல் தடவை நீ சொல்ல அவர் தொடட்டும். இரண்டாவது தடவை அவரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தொடட்டும். மூன்றாவது தடவை உடனே வேண்டாம். டீ குடித்துவிட்டு, வேறு பேச்சுப் பேசிவிட்டு, "இன்னொரு தரம் காட்டு பார்ப்போம்" என்று கேள். அந்த மூன்றாவது தடவையில் வந்துவிட்டால் வந்துவிட்டது.

பின் நம்பர் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள். ஹாஸ்டலில் எத்தனை நெருக்கமாக இருந்தாலும் யாருடைய பின்னும் உனக்குத் தெரியவே கூடாது. அது அவர்களுக்கும் நல்லது, உனக்கும் நல்லது.

ஊரில் இருப்பவருக்கு போனிலேயே சொல்லிக் கொடுப்பது இன்னும் கஷ்டம். உன் போன் இங்கிலீஷில் இருக்கும், அம்மா போன் தமிழில் இருக்கும். நீ செட்டிங்ஸ் என்பாய், அங்கே 'அமைப்புகள்' என்று இருக்கும். ஒரு நாள் உன் போனையும் தமிழுக்கு மாற்றி வைத்துப் பழகிப் பார். இல்லாவிட்டால் பெயரை விட்டுவிட்டு உருவத்தைச் சொல்: பல் சக்கரம், மூணு புள்ளி, மூணு கோடு, கீழே வலது ஓரம். எங்கள் லைனில் ஒடிசா பெண்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எனக்கும் பொது மொழி இந்தப் படங்கள்தான். அந்த ஆறு பேரில் ஒருத்தி எந்த ஸ்க்ரீன் மாறினாலும் முதல் நாளே பிடித்துவிடுவாள். அவளை வேலை நன்றாகத் தெரிந்த நம்மூர் அக்காவோடு ஜோடி சேர்த்துவிட்டேன். ஒருத்திக்கு ஸ்க்ரீன் தெரியும், ஒருத்திக்கு பீஸ் தெரியும்.

இன்னொரு வழி உண்டு. எதிர்வீட்டு போனில் வீடியோ கால் போட்டு, அம்மாவின் போனை அந்த கேமராவுக்கு முன் காட்டச் சொல். அவர் விரல் எங்கே போகிறது என்று உனக்கு நேராகத் தெரியும். ஸ்க்ரீன் ஷேர் மட்டும் அம்மாவுக்குப் பழக்காதே. நாளைக்கு ஏமாற்றுகிறவன் கேட்பதும் அதைத்தான்.

முகம் காட்டி எடுக்கும் யூ.ஏ.என்.

இந்தப் பக்கம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்போதைய பெரிய மாற்றம் இது. முன்பெல்லாம் சேர்ந்த வாரத்தில் ஹெச்.ஆர். நம் ஆதாரை வாங்கி, அவர்கள் கம்ப்யூட்டரிலேயே பி.எஃப்.புக்கான யூ.ஏ.என். எண்ணை எடுத்துவிடுவார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் புது யூ.ஏ.என். வேண்டுமென்றால் உமங் ஆப்பில் நாமே ஆதார் போட்டு, ஓ.டி.பி. போட்டு, முகத்தைக் காட்டி எடுக்க வேண்டும். ஹெச்.ஆர். மேஜையில் இருந்த ஸ்க்ரீன் நம் கைக்கு வந்துவிட்டது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறந்த சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் உண்டு. இந்தப் பக்கத்து ஹாஸ்டல்கள் முழுக்க முதல் வேலைக்கு வந்த பிள்ளைகள். அவர்கள் எல்லோருக்கும் யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் எப்போதும் ஒன்றுதான். ஆதாரில் இருக்கும் மொபைல் நம்பர் அப்பாவுடையதோ அண்ணனுடையதோ ஆக இருக்கும். ஓ.டி.பி. ஊருக்குப் போகும். அப்பா களத்துமேட்டில் இருப்பார். அவர் வந்து, மெசேஜைத் தேடி, ஆறு எண்ணை வாசிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று தடவை இப்படி ஆனால் அந்தப் பெண் "எனக்கு பி.எஃப். வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறாள். அவளுடைய காசு, தங்கச்சி. வேண்டாம் என்று விட்டுவிடக் கூடியதா? ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆதார் மையத்தில் தன் சொந்த நம்பரைச் சேர்த்துவிட்டு வரச் சொல். உன் ஊரிலிருந்து யார் இங்கே வேலைக்கு வருகிறார்களோ அவர்களிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடு.

மற்றவை சின்ன விஷயங்கள். உமங்கோடு சேர்த்து ஆதார் ஃபேஸ் ஆர்.டி. என்ற ஆப்பும் போனில் இருக்க வேண்டும். அதற்குத் தனியாக ஐகான் வராது, அதனால் ஏறவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி தேடாதே. முகம் காட்டும்போது தொப்பி, மாஸ்க், கண்ணாடி எடுத்துவிடு. டியூப்லைட்டுக்கு முதுகைக் காட்டி நிற்காதே, வெளிச்சம் முகத்தில் விழட்டும். சி ஷிப்ட் முடிந்து வந்த முகத்தோடு தூக்கக் கலக்கத்தில் உட்காராதே, தூங்கி எழுந்து செய். முன்பு வேறு கம்பெனியில் இரண்டு மாதம் வேலை பார்த்திருந்தால்கூட ஏற்கெனவே யூ.ஏ.என். இருக்கக்கூடும். அதையே புது கம்பெனியிலும் கொடுக்க வேண்டும், இரண்டாவது எடுக்கக் கூடாது.

எந்த ஆப் எப்படி மாறினாலும் கலங்காமல் இருக்க, மாறாத வழிகளையும் கையில் வைத்துக்கொள். யூ.ஏ.என்.னில் பதிந்த உன் மொபைலிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் பி.எஃப். விவரம் மெசேஜில் வரும். யூ.ஏ.என். ஆக்டிவேட் ஆகி, ஆதாரோ பேங்க் கணக்கோ சேர்ந்திருந்தால் போதும். யு.பி.ஐ. ஆப் புரியாத நாளில் *99# அடித்து பேலன்ஸ் பார்க்கலாம், பணமும் அனுப்பலாம். அம்மாவுக்கு இந்த *99# எண்ணைக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி மாட்டி வைத்துவிட்டு வா.

குழம்பிய நேரத்தில் வருகிற கால்

ஸ்க்ரீன் மாறிய அந்த வாரம்தான் ஏமாற்றுகிறவனுக்கு அறுவடை. ஜனங்கள் குழம்பியிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். "உங்க ஆப் பழசாயிடுச்சு, புது ஆப் லிங்க் அனுப்புறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் அனுப்புவான். பேங்க் பெயரில் வரும், ஆர்.டி.ஓ. சலான் பெயரில்கூட வந்தது. எங்கள் பழைய ஹாஸ்டலில் ஒரு பெண் அப்படி ஒன்றைத் தொட்டு இரண்டு மாதச் சம்பளத்தை இழந்தாள். வெட்கத்தில் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று நாள்தான் அவளுக்குப் பெரிய நஷ்டம். பணம் போன உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிட்டிருந்தால், போகிற வழியிலேயே கொஞ்சமாவது நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்தது.

ஆப் வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் மட்டும் எடுக்கச் சொல். கேள்வி கேட்க வெட்கப்படுகிற இடத்தில்தான் இந்தத் திருட்டு நடக்கிறது. உன் ரூமில் எந்தக் கேள்விக்கும் யாரும் சிரிக்கக் கூடாது. ஒரே கேள்வியை நாலாவது தடவை கேட்டாலும் சிரிக்கக் கூடாது.

இன்னொன்று. மாற்றம் உண்மையிலேயே மோசமாக இருந்தால் அதைச் சொல்லவும் செய். மைக்ரோசாஃப்ட் 2012ல் விண்டோஸ் 8ல் ஸ்டார்ட் பட்டனை எடுத்தது. உலகம் முழுக்க ஜனங்கள் சண்டை போட்டார்கள். மறு வருஷமே 8.1ல் அந்த பட்டன் திரும்பி வந்தது. எங்கள் லைனிலும், ஓகேவும் என்.ஜி.யும் ஒரே நிறத்தில் இருப்பதை நாங்கள் எழுதிக் கொடுத்த பிறகு, பச்சையும் சிவப்பும் ஆக்கினார்கள். அதற்கு இரண்டு மாதம் ஆனது. எழுதிக் கொடுத்த தாளில் ஒன்பது பேர் கையெழுத்து இருந்தது. முதல் கையெழுத்து, அன்றைக்குச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுடையது.

அடுத்த வார ஆஃபில் நீ ஊருக்குப் போவாய். அம்மா போனை உன் கையில் வாங்காதே. காலை எடுக்க, யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்க, திருப்பிக் கூப்பிட, இந்த மூன்றை மட்டும் சொல்லிக் கொடு. சொல்லிக் கொடுத்துவிட்டு, எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டு அம்மாவுக்கு ஒரு கால் போட்டுப் பார்.